விரலில் மாட்டுகிற ஒக்சிமீட்டர், மலைநாட்டுக் குளிரில்

அம்மாவின் மூச்சிரைப்புக்காக ஹட்டன் டவுனில் ஒரு பாமசியில் விரலில் மாட்டுகிற ஒக்சிமீட்டர் வாங்கினோம், இரத்தத்தின் ஒட்சிசன் அளவைச் சதவீதத்தில் காட்டுகிற சின்னக் கருவி. கைக்கு அடக்கமானது, இலக்கம் பெரிதாகத் தெரிகிறது, கண்ணாடி போடாமலே அம்மா வாசித்துவிடுகிறார். அந்த வகையில் நல்ல சாமான்.

ஆனால் பார்த்துப் பாவிக்க வேண்டும். சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலைக் கடக்கும்போது இரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்துத்தான் இது கணக்குப் போடுகிறது, அதனால் விடியற்காலைக் குளிரில் விரல் விறைத்து இரத்த ஓட்டம் குறைந்திருந்தால் இலக்கம் தாறுமாறாக வரும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு, இலக்கம் ஒரு இடத்தில் நிற்கும்வரை பொறுத்திருங்கள்.

அப்புறம், நம்மைப் போலக் கறுத்த தோல் உள்ளவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதத்தில் இரத்தத்தின் உண்மையான ஒட்சிசன் அளவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையர்களில் அது 3.6 சதவீதம்தான். தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலேயே நம்பியிருக்கிற கருவிக்கு இந்த நிலை! ஆகவே 94 காட்டுகிறதே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

பெட்டிக்குள் இருந்த தாளில் இதெல்லாம் இல்லை, தமிழில் ஒரு வரிகூட இல்லை. தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கிற வயதானவர்களுக்காகத்தான் பலரும் இதை வாங்குகிறார்கள், விற்கும்போதாவது பாமசியில் இரண்டு நிமிடம் சொல்லிக்கொடுக்கலாம்.