150 ரூபாய் மிச்சம் பிடித்த கல்யாணப் பரிசு

ஆபீசில் பக்கத்து சீட் பெண்ணின் உயிர்த்தோழிக்கு ஆவணியில் கல்யாணம். "அக்கா, உங்க ஃப்ரெண்டுக்கு போட்டோ ஃப்ரேம் பண்ணிக் குடுத்தீங்களே, எங்க பண்ணீங்க? இன்னும் நல்லா இருக்கா?" என்று கேட்டாள். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்விக்குத்தான் வயிறு எரிந்தது. அந்த ஃப்ரேம் இப்போது கண்ணாடி கழன்று, என் வீட்டு பீரோ மேல் கிடக்கிறது.

2010-ல் காலேஜ் சேர்ந்த புதிதில், பெசன்ட் நகர் கடற்கரையில் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கு முன்னால் நானும் அந்த ஃப்ரெண்டும் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். 1930-ல் கடலில் மூழ்கிப்போன டென்மார்க் மாலுமியின் நினைவாகக் கட்டியது அது. எங்களுக்கு மாங்காய்ப் பத்தை தின்கிற இடம். அடுத்த வருஷமும் போனோம். அப்படியே பழகிப்போய் வருஷத்துக்கு ஒன்று, எப்போதும் அவள் இடப்பக்கம், நான் வலப்பக்கம். 2018 வரை ஒன்பது படம். 2019 தை மாதம் அவளுக்குக் கல்யாணம் என்றதும் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஸ்டுடியோவில் மேக்சி சைஸ் என்பார்களே, அந்த 4க்கு 6-ல் மூன்று மூன்றாக அடுக்கினால் கச்சிதமாக 12க்கு 18. ஒரே பிரிண்ட்டாகப் போட்டுவிடலாம்.

இந்த அடுக்கு முறையை மட்டும் யார் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முதல் மூன்று படமும் 2 மெகாபிக்சல் போனில் எடுத்தவை, 1600க்கு 1200. நடுவில் சிலவற்றின் ஒரிஜினல் தொலைந்து வாட்ஸ்ஆப்பில் வந்தது மட்டும்தான் மிச்சம். அதுவும் நீளவாக்கில் 1600 பிக்சல்தான். இதில் ஒன்றை எடுத்து 18 அங்குலத்துக்குப் பெருக்கியிருந்தால் அங்குலத்துக்கு 90 புள்ளிகூடத் தேறாது, முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகியிருக்கும். 6 அங்குலக் கட்டத்தில் அதே படம் 260-க்கு மேல் நிற்கிறது. லேபில் 300 கேட்பார்கள். 260 என்று நாமாகச் சொன்னால்தான் தெரியும்.

சறுக்கியது அதற்குப் பிறகு. பிரிண்ட்டை பளபளக்கும் கிளாசி பேப்பரில் போடச் சொன்னேன், கலர் பளிச்சென்று இருக்கட்டும் என்று. அதைச் சுருட்டிக்கொண்டு சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் தேவராஜ முதலி தெருவுக்குப் போனேன். கண்ணாடிக்கும் ஃப்ரேமுக்கும் அங்கே போகாமல் வேறெங்கே போவது? கடைக்காரர் பிரிண்ட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மவுண்ட் வைக்கணுமா மேடம்?" என்றார். படத்தைச் சுற்றி வைக்கிற அட்டை பார்டர். எவ்வளவு என்றேன். "150 கூட ஆவும். ஃப்ரேமும் கொஞ்சம் பெருசாவும்." வேண்டாம் என்றேன். பெரிதானால் பறக்கும் ரயிலில் எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்பது அன்றைய கவலை. அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்து, பிரிண்ட் மேல் அப்படியே படிய வைத்து, பின்னால் ஹார்ட்போர்டு கொடுத்து ஆணி அடித்துவிட்டார்.

அந்த ஒரு நொடி பார்த்தாரே, அப்போதே வாயைத் திறந்து "கண்ணாடி ஒட்டிக்கும்மா" என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? இதை நினைத்து நினைத்து அவரைத் திட்டியிருக்கிறேன். கேட்கத்தான் செய்தார், வேண்டாம் என்றது நான்தான். இருந்தாலும்.

நாலு வருஷம் அந்த ஃப்ரேம் ராஜ வாழ்க்கை வாழ்ந்தது. பள்ளிக்கரணையில் அவள் வீட்டு ஹால் சுவரில், டிவிக்கு மேலே. நான் எதிர்பார்க்காதது அவள் மாமியார். வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து ஒவ்வொரு கட்டமாக விளக்குவார். "இது இவ தலைமுடிய வெட்டிக்கிட்ட வருஷம். இது ரெண்டு பேரும் அரியர் வெச்ச வருஷம்." அரியர் விஷயம் என் வீட்டுக்கே இன்றுவரை தெரியாது. கல்யாண ஆல்பம் ஜிப் பையில் பரணில் இருக்கிறது, கரிஷ்மா ஆல்பம், என் ஃப்ரேமைப் போல் பல மடங்கு விலை. அதை யாரும் எடுத்துப் பார்த்து நான் கண்டதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தரைத்தள வீட்டில் முழங்கால் வரை தண்ணீர். ஃப்ரேம் நனையவே இல்லை, ஆனால் சுவர் ஊறிவிட்டது. கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை, ஜன்னலைத் திறந்தால் சாக்கடை நாற்றம். லேபில் கழுவிய போட்டோ பேப்பர் மேலே இருப்பது ஜெலட்டின் பூச்சு. ஈரத்தை இழுத்துக்கொண்டு உப்பி, கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும், காய்ந்தாலும் விடாது. கிளாசி இன்னும் மோசம், வழவழப்போடு வழவழப்பு. மவுண்ட் என்பது வெறும் அழகுக்கு வைக்கிற பார்டர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் காற்றுக்காக வைப்பது அது.

முதலில் எண்ணெய்க் கறை மாதிரி இரண்டு திட்டு தெரிந்தது. போன மாதம் பெயின்ட் அடிக்க ஃப்ரேமைக் கழற்றியவள், துடைக்கலாம் என்று பின்பக்கம் பிரித்து, ஒட்டியிருந்ததைப் பிடித்து இழுத்திருக்கிறாள். போன் வந்தது.

"ஏய், உன் மூக்கு போச்சுடி."

"என்னடி சொல்ற?"

"2013. கண்ணாடியோட வந்துடுச்சு."

ஒட்டிக்கொண்ட படத்தை இழுக்கவே கூடாது. முதலில் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் பண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். லேபில் கழுவிய பிரிண்ட் என்றால் தண்ணீரில் ஊறவைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு, இங்க்ஜெட் என்றால் கலர் கரைந்து ஓடிவிடலாம். இதையெல்லாம் அவளிடம் சொன்னபோது என் மூக்கு ஏற்கெனவே பிளேடு முனையில் இருந்தது.

அடுக்கிச் செய்த ஃபைல் இருந்த லேப்டாப் எப்போதோ செத்துவிட்டது. நல்லவேளை, 2019-ல் லேபுக்கு அனுப்பிய மெயில் சென்ட் பெட்டியில் அப்படியே இருந்தது. இந்த முறை பளபளப்பில்லாத மேட் பேப்பர், மவுண்ட், ஈரம் ஏறாத உள்சுவர். அன்று எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய். இப்போது மறுபடி செய்ய 1,700. 150-ஐ மிச்சம் பிடித்த லட்சணம்.

ஆகவே பக்கத்து சீட் பெண்ணிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். பண்ணாதே. கவரில் 2,001 வைத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டு வா. கவர் எதிலும் ஒட்டிக்கொள்ளாது.

சனிக்கிழமை ஃப்ரேமை வாங்க பாரிஸ் போகிறேன். பக்கத்து சீட் பெண்ணும் வருகிறாளாம், பென்டிரைவோடு.