காரைக்குடி வீட்டில் ஓர் ஆபீஸ் கணினி: எந்தப் பாகத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

கணக்கு எழுதுவது என் தொழில். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகள், வெளியூருக்குப் பலகாரம் அனுப்பும் வீடுகள், ஒரு கண்டாங்கிச் சேலைக் கடை என்று வாடிக்கையாளர்கள் எல்லோரும் சுற்று வட்டாரத்துக்காரர்கள். மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி என்று இரண்டு ஜிஎஸ்டி கணக்குகளைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த இரண்டு தேதிகளிலும் கணினி படுத்துவிட்டால் அபராதம் கட்டப்போவது அவர்கள். அதனால் வேகத்தைவிட நம்பகம்தான் எனக்கு முக்கியம். மாலையில் அதே கணினியில் பிள்ளைகள் படிப்பார்கள், படமும் பார்ப்பார்கள்.

2022 கடைசியில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது இது. மானிட்டர், பிரிண்டர் நீங்கலாக, யுபிஎஸ்ஸையும் சேர்த்து 35,000 ரூபாய்க்குள் முடிந்தது. அன்றிலிருந்து தினமும் ஓடுகிறது. இத்தனை நாள் ஓட்டியதில் எனக்கு உறுதியாகப் பட்டது இதுதான்: நம் பக்கத்தில் மலிவு கணினி வாங்குகிறவர்கள் பிராசஸரில் கொஞ்சம் இறங்கி வந்து, அந்தப் பணத்தை மின்சாரப் பக்கம் போட வேண்டும்.

பிராசஸர் இன்டெல் கோர் ஐ3-12100. 2022 ஜனவரியில் வந்தது. 4 கோர் (தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். டேலி, எக்செல், பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப் என்ற வேலைக்கு நிறைய கோர் தேவையில்லை, ஒவ்வொரு கோரும் வேகமாக இருந்தால் போதும். அப்போது எதிரே இருந்த இன்னொரு தேர்வு ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. அதில் 6 கோர், கிராஃபிக்ஸும் நன்றாக இருக்கும். வீட்டில் வீடியோ எடிட்டிங்கோ சின்ன விளையாட்டுகளோ உண்டென்றால் அதையே வாங்கச் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: 12100எஃப் என்று கொஞ்சம் விலை குறைவாக ஒன்றைக் காட்டுவார்கள். அந்த எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, தனியாகக் கார்டு போட்டால்தான் திரையில் படமே வரும். ஆபீஸ் வேலைக்கு அது வீண்.

மதர்போர்டு எச்610, டிடிஆர்4 ரேம் போடும் வகை. ரேம் ஸ்லாட் இரண்டுதான். எஸ்எஸ்டியை, அதாவது ஃபைல்களைச் சேமிக்கும் பாகத்தைச் செருகும் எம்.2 ஸ்லாட் அதில் பழைய தலைமுறையான ஜென்3 வேகத்தில்தான் ஓடும் என்பதால் விலை கூடிய ஜென்4 எஸ்எஸ்டி வாங்கிப் பயனில்லை. நான் போட்டது டபிள்யூடி புளூ எஸ்என்570, 500 ஜிபி. 300 டெராபைட் எழுதும் வரை நிறுவனம் பொறுப்பேற்கிறது, வாரண்டி 5 ஆண்டு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தால் இதுவரை எழுதியது அதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. கணக்கு வேலைக்கு இது தேயவே தேயாது போலிருக்கிறது. ரேம் 8 ஜிபி இரண்டு. ஒரே 16 ஜிபியாகப் போடாமல் ஜோடியாகப் போட்டால், ரேமைப் பங்குபோடும் உள் கிராஃபிக்ஸுக்கு நல்லது.

இனி மின்சாரப் பக்கம்.

கேபினட் வாங்கினால் கூடவே 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி) ஒன்று இலவசம்போல வரும். கையில் தூக்கிப் பாருங்கள், காலி டப்பா மாதிரி இருக்கும். அதை வேண்டாம் என்று சொல்லி, மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் பிரான்ஸ் சான்று பெற்ற 450 வாட் எஸ்எம்பிஎஸ் தனியாக வாங்கினேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் இந்தக் கணினி சும்மா இருக்கும்போது 30 வாட்டுக்குள், வேலை நடக்கும்போது 50 வாட் பக்கம்தான் இழுக்கிறது. அப்புறம் எதற்கு 450? வாட்டுக்காக இல்லை. வோல்டேஜ் கூடினாலோ எங்காவது ஷார்ட் ஆனாலோ போர்டைக் கொண்டுபோகாமல் தானே நின்றுகொள்ளும் பாதுகாப்பு அதில் உண்டு, அதற்காக.

அடுத்தது எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் கம்பி. இதை விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் வீடு முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளும் பழைய வீடு. வயரிங் மரச்சட்டத்தின் மேல் போன காலத்து வேலை. கணினியைப் பட்டாலைப் பக்கத்து அறையில் வைத்தபோது கேபினட்டின் இரும்பைத் தொட்டால் சுரீர் என்றது. எலெக்ட்ரீஷியன் தம்பி சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணே, மூணு ஓட்டை இருக்கு, மூணாவதுல கம்பியே இல்ல” என்றார். பழைய வீடுகளில் இது சகஜம்.

காரணம் என்னவென்றால், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் இரும்பு உடலோடு இணைந்திருக்கும். எர்த் இல்லையென்றால் கேபினட் ஏறக்குறைய பாதி வோல்டேஜில், அதாவது 115 வோல்ட் அளவில் நிற்கும். பாயும் கரண்ட் மிகக் குறைவு, சுரீரோடு போய்விடும். ஆனால் பிரிண்டரையோ மானிட்டரையோ செருகும் நொடியில் அது போர்ட் வழியாகப் பாய்ந்து போர்ட்டைக் கெடுக்கலாம். இதைவிட மோசம், எஸ்எம்பிஎஸ் உள்ளே பழுதாகி ஃபேஸ் நேராக இரும்பைத் தொட்டுவிட்டால் முழு வோல்டேஜும் கேபினட்டில் இருக்கும். பிள்ளைகள் தொடும் இடம் அது.

தோட்டத்தில் குழி தோண்டி, ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு எர்த் அமைத்தோம். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசியதாகப் பெரியவர்கள் சொல்லும் சுவர், அதை உடைக்க மனம் வரவில்லை; தாழ்வாரத்து ஓரமாகக் குழாய் கட்டி வயரை உள்ளே கொண்டுவந்தோம். பிறகு மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்தான் காட்டியது. சுரீர் அன்றோடு போயிற்று. நம் ஊர்ச் செம்மண் கோடையில் கட்டியாகக் காய்ந்துவிடும், அதனால் சித்திரை வைகாசியில் அந்தக் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது.

யுபிஎஸ் 600 விஏ, அதாவது 360 வாட். 22 அங்குல மானிட்டரையும் மோடத்தையும் சேர்த்தாலும் என் லோடு நூறு வாட்டைத் தொடாது. புதுப் பேட்டரியில் அரைமணி நேரம் நின்றது. உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி. மூன்றாம் கோடையில் ஐந்து நிமிடத்துக்கு வந்துவிட்டது, மாற்றினேன். யுபிஎஸ்ஸையே தூக்கிப்போட்டுப் புதிது வாங்கச் சொன்னார்கள். வேண்டாம், இரண்டு ஸ்க்ரூ கழற்றினால் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் ஏற்கெனவே பெரிய இன்வெர்ட்டர் இருக்கிறவர்கள் அதன் பின்னால் யுபிஎஸ் மோடு என்று ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மோடில் கரண்ட் போனதும் கணினி அணையாத வேகத்தில் பேட்டரிக்கு மாறும். ஆனால் இன்வெர்ட்டர், சுவர் கரண்ட் மாதிரியே சீரான அலை தரும் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரோடு, ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் அமைப்பு) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் பல நேரம் ஒத்துப்போவதில்லை. இன்னொன்று: லேசர் பிரிண்டரைச் சின்ன யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள். டோனரை உருக்க அது ஒரே இழுப்பில் பல நூறு வாட் கேட்கும், யுபிஎஸ் கதறிவிடும். பிரிண்டர் நேராகச் சுவர் சாக்கெட்டில் இருக்கட்டும்.

வெப்பத்தைப் பற்றிக் கவலையே இல்லை. தடித்த சுவர், உயர்ந்த கூரை. பிராசஸரோடு வந்த விசிறியே கத்திரி வெயிலிலும் போதுமாக இருந்தது. தூசிதான் தொல்லை. வளவு முற்றத்திலிருந்து ஆடிக் காற்றில் செம்மண் பறந்து வரும். கேபினட் வாங்கும்போது கண்ணாடியையும் கலர் லைட்டையும் பார்க்காமல், கழற்றிக் கழுவும் ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள். தரையில் வைக்காமல் ஒரு முக்காலியில் வையுங்கள். பின்பக்கம் திறந்து கிடக்கும் ஸ்லாட்டுகளை மூடிவிடுங்கள், இல்லையென்றால் பல்லி உள்ளே குடிபோய்விடும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தபோது இந்தக் கணினி விண்டோஸ் 11க்குத் தடையில்லாமல் மாறியது. பழைய கணினி வாங்க நினைப்பவர்களுக்கு இது முக்கியம். பள்ளத்தூர் ஆச்சி ஒருவர், பலகார ஆர்டர் எழுத மட்டும்தான், பாதி விலையில் முடியுமா என்று கேட்டார். பெரிய ஆபீஸ்களில் ஓடி வந்த பழைய பிராண்டட் கணினி ஒன்றைப் பார்க்கச் சொன்னேன். இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகக் கூடாது, அதற்கு முந்தையவற்றில் விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லை. ஐ5-8500 கிடைத்தது, 6 கோர். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புது எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன்.

இப்போது புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு ஒரு சிரமம் உண்டு: 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. கையில் காசு இறுக்கமென்றால் 8 ஜிபி ஒன்றோடு தொடங்கி, இரண்டாவது ஸ்லாட்டைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். எஸ்எம்பிஎஸ்ஸையும் எர்த்தையும் மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.