"பிளேஸ்டேஷன் போட்டதால்தான் டிவி போச்சு" என்று எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

வீட்டில் பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ வைத்திருப்பவர்கள், அதிலும் டிவி வாங்கும்போது கூடுதல் வாரண்டிக்கென்று தனியாகப் பணம் கட்டியவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த டெக்னீஷியன் பேசிய விதத்தைப் பார்த்தால், அதே வசனத்தைப் பல வீடுகளில் சொல்லிப் பழகியவர் மாதிரிதான் இருந்தது.

ஈரோட்டில் ஒரு ஷோரூமில் வாங்கிய 43 இன்ச் எல்இடி டிவி. கம்பெனி கொடுத்த ஒரு வருட வாரண்டி முடிந்து, கடையில் வற்புறுத்தி விற்ற எக்ஸ்டெண்டட் வாரண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் ராத்திரி சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போது (சீரியல்தான், கேம் இல்லை, இதைக் கவனியுங்கள்) திரை ஒரு வெட்டு வெட்டி இருண்டுவிட்டது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. சேனல் மாற்றினால் சத்தம் மாறுகிறது, படம் இல்லை. அணைத்துப் போட்டால் ஒரு நொடி வெளிச்சம் வந்து, அதுவும் போய்விடும்.

புகார் கொடுத்து, அலைக்கழித்து, ஒருவழியாக ஆள் வந்தார். டிவியின் பின்பக்கத்தை அவர் கழற்றவே இல்லை, மீட்டர் எடுத்து எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. ஸ்டாண்டில் இருந்த பிஎஸ்4 அவர் கண்ணில் பட்டது. "இது யாரு ஆடுறது?" என்று கேட்டார். என் மகன் கையைத் தூக்கினான். "கேம் மெஷின் ஹை கரண்ட் அனுப்பும் மேடம், பேனல் தாங்காது, எரிஞ்சிரும். இதுக்கெல்லாம் வாரண்டி வராது" என்று சொல்லிவிட்டு, ஜாப் ஷீட்டில் 'வெளிச் சாதனத்தால் பேனல் பழுது, வாரண்டி பொருந்தாது' என்று ஆங்கிலத்தில் எழுதி என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினார். பேனல், அதாவது படம் தெரியும் திரையை, மாற்ற 24,000 ரூபாய் ஆகுமாம். டிவி வாங்கியதே 31,000. வந்து பார்த்ததற்கு 590 ரூபாய் கட்டணம் வேறு வாங்கிக்கொண்டார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. எந்தப் பாகம், எப்படி எரிந்தது என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். அதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை, ஆனால் எழுதியதை மாற்றவும் இல்லை.

பணத்தைவிட எனக்கு ஆறாத கோபம் வேறு ஒன்றில். அந்த ஒரு வரியால் வீட்டில் எல்லாருடைய பார்வையும் பிள்ளைமேல் திரும்பியது. மாமியார், கொழுந்தனார், பக்கத்து வீட்டுக்காரர் வரைக்கும் "அப்பவே சொன்னோம்ல" என்றார்கள். பன்னிரண்டு வயதுப் பையன், தன்னால்தான் அப்பாவுக்கு இவ்வளவு செலவு என்று நினைத்துக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் சுற்றினான். செய்யாத தப்புக்கு ஒரு குழந்தையைக் குற்றவாளி ஆக்கிவிட்டு, ஒருத்தர் 590 ரூபாய்க்கு ரசீது போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் தெருமுனையில் பல வருடமாக டிவி ரிப்பேர் பார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டேன். வந்ததும் ஹால் விளக்கை அணைக்கச் சொன்னார், டிவியைப் போட்டார், போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்தார். இருட்டுக்குள் சீரியல் ஆட்கள் மங்கலாக நடமாடுவது அப்படியே தெரிந்தது! "பேனலுக்கு ஒண்ணும் ஆகலீங்க அக்கா. படம் வந்துட்டுதான் இருக்கு, பின்னாடி லைட்டுதான் எரியல" என்றார். எல்சிடி திரை தானாக ஒளி விடாது, அதற்குப் பின்னால் பட்டை பட்டையாக எல்இடி விளக்குகள் இருக்கும், பெரும்பாலும் தொடராகக் கோத்திருப்பார்கள். அதில் ஒன்று போனாலும் பாதுகாப்புக்காக மொத்த வெளிச்சத்தையும் போர்டு நிறுத்திவிடும். ஒரு நொடி எரிந்து அணைவது அதன் அடையாளம். எல்இடி பட்டைகளை மொத்தமாக மாற்ற வெளியில் 3,500 ரூபாய் போல ஆகும் என்றார். ஆனால் அவர் கை வைக்கவில்லை. "நான் தொறந்தா சீல் உடைஞ்சிரும், அப்புறம் அதையே காரணமாச் சொல்லிருவாங்க, முதல்ல அவங்ககிட்டயே சண்டை போடுங்க" என்று சொன்னார். இந்த நேர்மைக்கு அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

சரி, 'ஹை கரண்ட்' கதைக்கு வருவோம். எச்டிஎம்ஐ வயரில் கேம் கன்சோலிலிருந்து டிவிக்குப் போவது படத் தகவல், கூடவே 5 வோல்ட், அதுவும் மில்லிஆம்பியர் கணக்கில். செட்டாப் பாக்ஸும் அதே மாதிரி போர்ட்டில், அதே 5 வோல்ட்டோடுதான் இணைகிறது. படம் வருவது மெயின் போர்டுக்கு. பேக்லைட்டுக்கு, அதாவது திரைக்குப் பின்னால் இருக்கும் அந்த எல்இடி விளக்குகளுக்கு, மின்சாரம் கொடுப்பதோ டிவியின் சொந்த பவர் சப்ளை. கன்சோலிலிருந்து அந்த விளக்குகளுக்கு நேராகப் போகும் வழியே கிடையாது. இன்னொன்று, எங்கள் டிவியின் மெனுவிலேயே 'கேம் மோட்' இருக்கிறது, அட்டைப்பெட்டியிலும் அதைப் பெருமையாக அச்சடித்திருக்கிறார்கள். கேம் ஆடத்தான் டிவி என்று விற்றுவிட்டு, கேம் ஆடியதால் வாரண்டி இல்லை என்றால் என்ன நியாயம்?

இந்தப் பயம் சும்மா வந்ததும் இல்லை. தொண்ணூறுகளில் கேசட் போட்டு ஆடும் வீடியோ கேம் வந்தபோது "பிக்சர் ட்யூப் போயிரும்" என்று அப்பாக்கள் திட்டியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஒரே படம் அசையாமல் மணிக்கணக்கில் நின்றால் பழைய ட்யூப் டிவியில் பாஸ்பர் பூச்சு அந்த இடத்தில் தேய்ந்து கறை படியும். நின்டெண்டோவே தன் பழைய கேம் பெட்டிகளின் கையேட்டில், புரொஜெக்‌ஷன் டிவியில் இதை இணைக்காதீர்கள், திரை நிரந்தரமாகக் கெடலாம் என்று அச்சடித்திருந்தது. பிளாஸ்மாவிலும் இந்தத் தொல்லை இருந்தது. இன்றைக்கு ஓஎல்இடி டிவி வைத்திருப்பவர்களும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும், அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிட்டுத் தேய்கிறது. அங்கேயும் கேம் மட்டும் வில்லன் இல்லை. ஆர்டிங்ஸ் என்ற பரிசோதனைத் தளம் 2018-இல் 6 எல்ஜி ஓஎல்இடி டிவிகளைத் தினமும் பல மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தது. முழு வெளிச்சத்தில் செய்திச் சேனல் ஓடிய டிவியில் மோசமாகக் கறை படிந்தது, துப்பாக்கிச் சண்டை கேம் ஓடியதில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் இல்லை. நம் வீடுகளில் நாள் முழுக்க ஓடும் நியூஸ் சேனலின் கீழ்ப்பட்டையையும் மூலையில் இருக்கும் லோகோவையும் யாரும் திட்டுவதில்லை.

எங்களுடையது சாதாரண எல்இடி டிவி, அதாவது எல்சிடி பேனல். அதில் நிழல் மாதிரி ஏதாவது நின்றாலும் பெரும்பாலும் தானே போய்விடும். இப்படி மொத்தமாக இருள்வது கறையே இல்லை.

கன்சோல் இணைப்பதில் நிஜமாக ஆபத்து எங்கே என்று அந்தத் தம்பியிடமே கேட்டேன். பிள்ளைகள் வயரைத் தடுக்கி இழுத்து போர்ட் உடைவதுதான் அடிக்கடி வருமாம். அடுத்தது இடி. எர்த் சரியில்லாத வீட்டில் டிஷ் வயர் வழியாகவோ கேபிள் வழியாகவோ வரும் அதிர்ச்சி செட்டாப் பாக்ஸ், டிவி, கன்சோல் எல்லாவற்றின் எச்டிஎம்ஐ சிப்பையும் அடித்துவிடும், அதில் கன்சோலும் அடி வாங்கும் பக்கம்தான். அதனால் இடி மின்னலின்போது பிளக்கோடு சேர்த்து டிஷ் வயரையும் கழற்றி வையுங்கள், எச்டிஎம்ஐ வயரை மாட்டும்போதும் கழற்றும்போதும் இரண்டு பக்கமும் அணைத்துவிடுங்கள். பேக்லைட் அளவை எப்போதும் நூறில் வைக்காதீர்கள், எல்இடி சூட்டில்தான் சீக்கிரம் சாகும்.

அப்புறம் நான் செய்தது: டார்ச் வெளிச்சத்தில் படம் தெரிவதை வீடியோ எடுத்தேன், ஜாப் ஷீட், கூடுதல் வாரண்டி பில், அட்டைப்பெட்டியில் 'கேம் மோட்' அச்சடித்த இடம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "கன்சோல் இணைக்கக் கூடாது என்று வாரண்டி நிபந்தனையில் எந்த வரியில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். முதலில் பதிலே இல்லை, பிறகு 'நல்லெண்ண அடிப்படையில்' பேனல் விலையில் பாதி தள்ளுபடி என்று ஒரு போன். கெடாத பேனலுக்கு நான் ஏன் பாதி கொடுக்க வேண்டும்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன், அந்தப் புகார் எண்ணை அதே மின்னஞ்சலில் சேர்த்து, அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்றும் எழுதினேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் அங்கே போகலாம், 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. அதன் பிறகு நிறுவனத்தின் குரலே மாறிவிட்டது.

வேறொரு டெக்னீஷியன் வந்தார், பின்பக்கத்தைத் திறந்தார், எல்இடி பட்டைகளை மாற்றினார், டிவி ஓடுகிறது, ஒரு பைசா வாங்கவில்லை. அந்த ஜாப் ஷீட்டில் 'பேக்லைட் பழுது' என்று எழுத வைத்து, அதை மகனையே படிக்கச் சொன்னேன். பிஎஸ்4 அதே டிவியில் அதே போர்ட்டில்தான் ஓடுகிறது.

முதல் ஆள் எழுதியது தவறு என்று நிறுவனம் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த 590 ரூபாயையும் திருப்பித் தரவில்லை, அதைக் கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். உங்கள் ஜாப் ஷீட்டிலும் இதே மாதிரி 'வெளிச் சாதனம்' என்று காரணம் எழுதியிருந்தால், டிவியைக் கழற்றி எடுத்துப் போக விடுவதற்கு முன்னால் விளக்கை அணைத்து டார்ச் அடித்துப் பாருங்கள், வீடியோவும் எடுத்து வையுங்கள்.