குழந்தைகளுக்கு முதல் பெர்சிமன்: எந்த ரகம், எந்தப் பதம்

பெர்சிமன் பழத்தைக் குழந்தைகளுக்கு முதன்முதலாகக் கொடுப்பதென்றால் தக்காளிபோலத் தட்டையாக இருக்கும் ஃபூயூ ரகத்தையே வாங்குங்கள். அடி கூம்பிய ஹச்சியா பார்வைக்கு இன்னும் அழகுதான். ஆனால் கனியாத ஹச்சியாவை ஒரு கடி கடித்தாலே நாக்கும் ஈறும் வறண்டு இழுத்துப் பிடிக்கும். அப்படி ஒருமுறை துவர்த்துவிட்டால், அடுத்த முறை குழந்தையை வாய் திறக்கவைப்பது பெரும்பாடு.

துவர்ப்புக்குக் காரணம் டானின். ஹச்சியா நன்றாகச் சிவந்த பிறகும் அதில் கரையக்கூடிய டானின் ஏராளமாக இருக்கும். எச்சிலில் உள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால்தான் வாய் அப்படி இழுக்கிறது. பழம் கனியக் கனிய டானின் கரையாத நிலைக்கு மாறி, துவர்ப்பு அடங்கிவிடும். எனவே நிறத்தை நம்பாமல் தொட்டுப் பாருங்கள். பழம் முழுக்கக் கூழாகித் தளதளக்க வேண்டும். காம்புப் பக்கம் சற்றே இறுகியிருந்தாலும் அந்த இடம் துவர்க்கும். காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு வாயை மடித்து வைத்தால், எத்திலீன் வாயுவால் விரைவில் கனியும்.

ஃபூயூவுக்கு இந்தக் காத்திருப்பே இல்லை. கெட்டியாக, மொறுமொறுப்பாக இருக்கும்போதே இனிக்கும். ஸ்பெயினில் விளையும் ரோஹோ பிரில்லாண்டே இயல்பில் துவர்க்கும் ரகம்தான். ஆனால் கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய அறையில் வைத்துத் துவர்ப்பைப் போக்கியும் அதை விற்கிறார்கள். அப்படிப் பக்குவப்படுத்தியதா என்று கேட்டு வாங்கினால் அதையும் கெட்டியாகவே தின்னலாம்.

நறுக்குவது எளிது. கத்தி முனையால் காம்பைச் சுற்றிக் குடைந்து எடுங்கள். தோலைத் தின்னலாம் என்றாலும் சவசவக்கும், குழந்தைகள் துப்பிவிடுவார்கள், சீவிவிடுவதே நல்லது. குறுக்குவாட்டில் வட்டமாக நறுக்கினால் நடுவே நட்சத்திர வடிவம் தெரியும். தயங்கும் குழந்தையைக் கையில் எடுக்கவைப்பது பெரும்பாலும் அந்த நட்சத்திரம்தான். தட்டையான பழுப்பு விதைகள் இருந்தால் நீக்கிவிடுங்கள். விதையைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அழுகல் என்று எறிந்துவிட வேண்டாம். கரையாத நிலைக்கு மாறிய டானின்தான் அது. நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கெட்டித் துண்டுகள் தொண்டையில் சிக்கலாம். மிக மெல்லியதாகச் சீவுங்கள், அல்லது கனிந்த சதையைக் கரண்டியால் ஊட்டுங்கள்.

சுவையில் புளிப்பே கிடையாது; இதமான இனிப்பு மட்டும்தான். புளிப்பை விரும்பும் குழந்தைக்குச் சப்பென்று படலாம், சில துளி எலுமிச்சைச் சாறு போதும். சதையைச் சூடான கஞ்சியில் போட்டுக் கொதிக்கவிடாதீர்கள். அடங்கிய துவர்ப்பு சூட்டில் திரும்ப வரக்கூடும். ஆறிய பிறகு கலந்தால் சிக்கல் இல்லை.

முதல் நாள் இரண்டு மூன்று வில்லைகள் போதும். வெறும் வயிற்றில் நிறையத் தருவதை, அதிலும் துவர்க்கும் பழத்தைத் தருவதை, அறவே தவிர்க்க வேண்டும்; டானின் வயிற்று அமிலத்தோடு சேர்ந்து கட்டியாக இறுகிவிடக்கூடும். ஃபூயூவைக் குளிர்பெட்டியில் நாள்கணக்கில் வைத்தால் மொறுமொறுப்புப் போய்க் கொழகொழத்துவிடும், வெளியிலேயே வையுங்கள். சாறு துணியில் பட்டால் பழுப்புக் கறையாகும், உடனே அலசுங்கள்.

ஃபூயூ பிடித்துப்போன பிறகு ஹச்சியாவுக்கு வரலாம். நன்றாகக் கனிந்ததை முழுசாக உறைய வைத்து, சற்று இளகியதும் மேல்பகுதியை வெட்டிவிட்டுக் கரண்டியோடு கொடுங்கள்.