கொரிய ஓட்டல்: சாப்பாடு நன்று, கிம்ச்சியை மட்டும் விசாரித்துச் சாப்பிடுங்கள்

போன சனிக்கிழமை அண்ணன் மகளுக்குப் பிறந்தநாள், பதினேழு முடிந்தது. கேக் வேண்டாம், ஈசிஆர் வேண்டாம், அண்ணா நகரில் இருக்கிற கொரிய ஓட்டலுக்குத்தான் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதுவும் புரட்டாசி சனிக்கிழமை. அண்ணி இந்த மாதம் முழுக்க அசைவம் தொட மாட்டார். "சைவம் இருக்குதாம், போன்ல கேட்டுட்டேன்" என்று சொல்லித்தான் அவரையும் கிளப்பினோம். ஓட்டல் பெயரை நான் போடவில்லை. கீழே ஒரு குறை சொல்லப் போகிறேன். அது வேண்டுமென்றே செய்ததில்லை, அதற்காக அவர்கள் வியாபாரம் கெட வேண்டாம்.

முதல் மாடி, லிஃப்ட் கிடையாது, முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துப் போங்கள். படி ஏறும்போதே எள் வாசம் வந்துவிடுகிறது. நம் வீட்டு நல்லெண்ணெய் வாசம் இல்லை, எள்ளை வறுத்து ஆட்டிய எண்ணெய், எள்ளுருண்டை பிடிக்கும்போது வருமே அந்த வாசம். பத்து மேசைதான். இரண்டில் கொரியர்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனி வேலையாக வந்தவர்களாக இருக்கும் என்று அண்ணன் ஊகித்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் செய்ய ஆரம்பித்த பிறகுதானே சென்னைக்கு இந்தச் சாப்பாடே வந்தது. மீதி எட்டு மேசையிலும் நம் பிள்ளைகள், முக்கால்வாசிப் பேர் எங்கள் வீட்டுப் பெண் மாதிரிதான்.

அவள் மாதிரி என்றால் எப்படி என்று சொல்ல வேண்டும். பிடிஎஸ் பாட்டு, தூங்காமல் பார்க்கும் தொடர்கள், யூடியூபில் கொரிய எழுத்துப் பாடம், முகத்துக்குப் பத்து அடுக்கு கிரீம். அண்ணன் அவளைக் கூப்பிடுவதே "கொரியா பைத்தியம்" என்றுதான். அன்றைக்கு அவள் கொஞ்சம் வாடியிருந்தாள். என்ன என்று கேட்டால், வகுப்பில் யாரோ "கொரியாபூ" என்று சொல்லிவிட்டார்களாம். அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நல்லாத்தானே இருக்கு, மல்லிப்பூ, தாழம்பூ மாதிரி" என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அது பூ இல்லை, திட்டு. ஜப்பான் மேல் அளவுக்கு மீறி மயங்கும் வெளிநாட்டுக்காரர்களை ஆங்கிலத்தில் "வீயாபூ" என்று கேலி செய்வார்கள். அந்தச் சொல்லுக்கு அர்த்தமே கிடையாது, ஒரு காமிக்ஸில் சும்மா உளறலாக வந்தது. அப்புறம் 4சான் என்ற இணையதளத்தில் அதே ஆட்களைத் திட்டும் "வாப்பனீஸ்" என்ற வசைச் சொல்லை யார் தட்டினாலும் அது தானாக "வீயாபூ" என்று மாறும்படி செய்து வைத்தார்கள். வசையை அடக்கப் போய்ப் புது வசை பிறந்தது. அதன் வாலைப் பிடித்து வந்ததுதான் கொரியாபூ. இதையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குட்டிக் குட்டிக் கிண்ணங்கள் வந்துவிட்டன.

இதுதான் இந்த ஓட்டலில் எனக்கு மிகவும் பிடித்தது. நாம் ஒன்றும் கேட்காமலே ஆறு தொட்டுகை வைக்கிறார்கள், பன்ச்சான் என்று பெயர், காசு கிடையாது, தீர்ந்தால் மறுபடி வைக்கிறார்கள். பந்தியில் உட்கார்ந்த மாதிரியே இருந்தது. முளைகட்டிய பயறு, கீரை, சோயாவில் வதக்கிய உருளைக்கிழங்கு, முள்ளங்கி ஊறுகாய் எல்லாமே நன்றாக இருந்தன. ஆறாவது கிம்ச்சி, புளிக்க வைத்த கொரிய ஊறுகாய். குறை அதில்தான். அண்ணி மூன்று தடவை "இது சைவமா" என்று கேட்டார், மூன்று தடவையும் "வெஜ், வெஜ்" என்று பதில். முட்டைக்கோஸ் மாதிரி இருக்கிற கீரையும் மிளகாய்த்தூளும்தானே என்று அவரும் ஒரு கிண்ணம் முடித்துவிட்டார். பிறகு கல்லாவில் இருந்த கொரிய அம்மாவே வந்து, நெற்றியைச் சுருக்கி, "ஃபிஷ் சாஸ்" என்றார். வழக்கமாக கிம்ச்சியில் மீன் சாறோ உப்பு இறாலோ சேர்ப்பார்கள். போட்டது கண்ணுக்குத் தெரியாது. அண்ணி தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசவே இல்லை. பரிமாறுகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்காதது ஓட்டல்காரர்கள் தப்புதான், இதற்கு ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். சைவக்காரர்கள் "வெஜ்ஜா" என்று கேட்காதீர்கள், "மீன் சாறு இருக்கா, இறால் இருக்கா" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பரிமாறிய பையன் மணிப்பூர்க்காரன். மனசு கேட்காமல் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டான். பேச்சுக் கொடுத்தேன். அவன் அக்கா சின்ன வயதிலிருந்தே கொரியத் தொடர் பார்க்கிறவளாம். அங்கே 2000இல் ஒரு ஆயுதக் குழு இந்திப் படங்களுக்குத் தடை போட்டதும் அந்த இடத்தில் கொரியச் சேனல் நுழைந்துவிட்டது. நம் பிள்ளைகளுக்கு இந்தக் காய்ச்சல் வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே அங்கே வந்தாயிற்று.

அடுத்து பிபிம்பாப். "பிபிம்" என்றால் கலக்குவது, "பாப்" என்றால் சோறு. கலந்த சாதம், அவ்வளவுதான், பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சுடச்சுடக் கல்சட்டியில் வருகிறது, அடியில் சோறு பிடித்துக் காந்தலாக இருக்கும், அந்தக் காந்தலுக்காகவே இரண்டாம் முறை போகலாம். கடல்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டி வெட்டிய கிம்பாப் வந்தபோது அண்ணன் ஒரு காரியம் செய்தான். "ஓ, ஜப்பான் சுஷி!" என்றான் சத்தமாக. பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. பெண் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். சுஷிச் சோற்றில் வினிகர், கிம்பாப் சோற்றில் எள்ளெண்ணெய், அது வேறு இது வேறு. தவிர 1910 முதல் 1945 வரை ஜப்பான் ஆண்ட நாடு கொரியா. அங்கே ஒருவரை "சினில்பா" என்றால், நேர் அர்த்தம் ஜப்பானோடு நெருக்கமானவர், ஆனால் காதில் விழுவது துரோகி.

அதோடு பேச்சு முழுக்கச் சொற்கள் பக்கம் போய்விட்டது. ஆங்கிலேயரை விரும்புகிறவன் ஆங்கிலோஃபைல், பிரெஞ்சுக்காரரை விரும்புகிறவன் ஃபிராங்கோஃபைல். தாசில்தார் ஆபீஸ் ஃபைல் மாதிரி ஒலித்தாலும் அந்த ஃபைல் கிரேக்கத்தில் அன்பு. ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு கிரேக்க விடுதலைக்காகப் போய் 1824இல் அங்கேயே செத்தார், அவருக்கு ஃபில்ஹெலீன், அதாவது கிரேக்க அன்பர், என்று கௌரவமான பெயர். ஈரானில் மேற்கு நாட்டு மோகத்தை "கர்ப்ஸதெகி" என்பார்கள். "மேற்கு அடித்தது" என்று சொல்லலாம், நாம் பேய் அடித்தது என்கிறோமே அப்படி. ஒடாக்கு என்ற ஜப்பானியச் சொல் எனக்கு ரொம்பப் பிடித்தது. நேர் அர்த்தம் "உங்கள் வீடு", மரியாதையாக "நீங்கள்" என்பதற்குப் பதில் சொல்வது. புருஷனை வீட்டுக்காரர் என்கிற நமக்கு இது புதிதா என்ன. அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன்களின் ரசிகர்கள் ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிட்டதைப் பார்த்து 1983இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை அவர்களுக்கே அந்தப் பெயரைச் சூட்டிவிட்டது.

நம்மிடம் என்ன இருக்கிறது? சென்னையில் பீட்டர். ஆங்கிலம் பேசி அலட்டினால் பீட்டர் விடுறான். அப்புறம் மோகம், பித்து, வெறி, பைத்தியம். எங்கள் தாத்தா ஓட்ஸ் கஞ்சியை ஸ்பூனால் குடித்து, லார்ட்ஸ் மைதானத்து ஸ்கோரை மனப்பாடமாகச் சொல்லி, வெயில் காலத்திலும் கோட்டு போட்டவர். அவரை வீட்டில் யாரும் பைத்தியம் என்றதில்லை, "துரை மாதிரி" என்றார்கள். அதே வீட்டில் இவள் கொரியா பைத்தியம். சொன்னேன். அண்ணன் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

திரும்பி வந்தவன் என்ன செய்தான் தெரியுமா? கல்லாவில் இருந்த அந்த அம்மாவிடம் பேசினான். சென்னையில் இருபது வருடமாம், ஃபில்டர் காபி இல்லாமல் விடியாதாம், தமிழில் "சில்லறை இருக்கா" என்று அட்சர சுத்தமாகக் கேட்டார். மேசைக்கு வந்து உருகுகிறான், "பாவம், நம்ம ஊர் மேல எவ்வளவு பிரியம் பாரு." பார்த்தீர்களா, அந்தப் பக்கமிருந்து வந்தால் பிரியம். இத்தாலியிலிருந்து வந்து காவி கட்டித் தேம்பாவணி எழுதிய பெஸ்கிக்கு வீரமாமுனிவர் என்று பெயர், அவருக்கும் ஜி.யு. போப்புக்கும் கால்டுவெல்லுக்கும் 1968 மாநாட்டின்போது மெரினாவில் சிலை. அவர்களெல்லாம் தமிழன்பர்கள். எனக்கும் சந்தோஷம்தான், சிலையை எடுக்கச் சொல்லவில்லை. எங்கள் பெண்ணுக்கு "கொரிய அன்பர்" என்றாவது சொல்லலாம் இல்லையா?

அவள் அதற்கும் சம்மதிக்கவில்லை. "அத்தை, அன்பர்னா கோயில் நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றாள். கிளம்பும்போது அந்த அம்மாவை "இமோ" என்று கூப்பிட்டாள். அம்மாவின் தங்கை, அக்காவை அப்படிச் சொல்வார்களாம், ஓட்டல் நடத்துகிற பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, ஒரு டப்பா கிம்பாப் கட்டிக் கொடுத்தார், காய்கறி மட்டும் போட்டது, அண்ணி கையில்தான் கொடுத்தார்.

ஐந்து பேருக்கு வரியோடு 4,300 ரூபாய் ஆயிற்று. கட்டைபோல் கனக்கும் உலோகக் குச்சி பிடிக்க வராவிட்டால் கரண்டி கேளுங்கள், அங்கே சோற்றுக்குக் கரண்டிதான் வழக்கம். வண்டி நிறுத்த இடம் கிடையாது, மெட்ரோவில் போங்கள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். ஐப்பசி பிறந்ததும் மறுபடி போகிறோம், இந்தத் தடவை கேட்டது அண்ணி.