பிரேக்கே இல்லாத மரம் அறுக்கும் இயந்திரத்துக்கு 9,400 ரூபாய் கொடுத்தேன்: வாங்க இருப்பவர்கள் கவனிக்கவும்

சென்னை பாரிமுனையில் கைக்கருவிகளும் சிறு இயந்திரங்களும் விற்கும் ஒரு கடையில், பதினொரு நாட்களுக்கு முன்பு, பெட்ரோலில் ஓடும் செயின் சா ஒன்றை 9,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கூடுதல் பாதுகாப்பு வசதிகள் உள்ள மாடல் என்று சொல்லித்தான் விற்றார்கள். அந்த வசதிகளில் முதன்மையானது அதற்குள் இல்லவே இல்லை என்பது மூன்று நாட்களுக்கு முன்பு, ஓடும் சங்கிலி ஒருவரின் தோள் துண்டைக் கிழித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. புகார் கொடுக்கப் போவதால் கடையின் பெயரை இப்போது எழுத வேண்டாம் என்று என் தம்பி தடுத்துவிட்டான். நடந்ததையும், இப்படிப்பட்ட இயந்திரத்தை வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் எழுதுகிறேன்.

நான் சேலையூரில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது எங்கள் தெருவில் இரண்டு மரங்கள் குறுக்கே விழுந்தன. நகரம் முழுவதும் ஒரே நாளில் மரங்கள் சாய்ந்து கிடந்ததால், இயந்திர ரம்பம் வைத்திருந்த ஆட்கள் கேட்டதுதான் கூலி என்றாகி, மூன்றாம் நாள்தான் எங்களுக்கு ஒருவர் கிடைத்தார். அன்றிலிருந்தே சொந்தமாக ஒன்று வாங்கி வைக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. சென்ற மாத மழையில் பின்கட்டு வேம்பு மதில்மேல் சாய்ந்தவுடன் அந்த எண்ணம் அவசரமாக மாறியது.

வாங்குமுன் விசாரிக்காமல் இல்லை. இந்த இயந்திரத்தில் மிகவும் அஞ்ச வேண்டியது அதன் எகிறல். சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட பாரின் மூக்கில், குறிப்பாக அதன் மேல் பாதியில், வேறொரு கிளை பட்டுவிட்டால், சங்கிலியின் பல் அங்கே மாட்டி, பார் முழுவதும் மேலும் பின்னுமாக, அறுப்பவரின் முகத்தை நோக்கித் தூக்கி எறியப்படும். சங்கிலி விநாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. எகிறும்போது கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடையாது. அதற்காகத்தான் முன்கைப்பிடிக்கு எதிரே ஒரு காப்புத் தகடு வைத்திருக்கிறார்கள். எகிறும் வேகத்தில் இடது மணிக்கட்டு அதில் மோத, தகடு முன்னே சாயும். நல்ல இயந்திரங்களில் மணிக்கட்டு படாவிட்டாலும், தகடு தன் நிலைமத்தாலேயே, அதாவது எகிறும் இயந்திரத்தோடு சேர்ந்து நகராமல் பின்தங்குவதாலேயே, சாய்ந்துவிடும். உடனே உள்ளே ஒரு ஸ்பிரிங் விடுபட்டு, சங்கிலியை ஓட்டும் உருளையான கிளட்ச் டிரம்மைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டையை இறுக்கி, ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் சங்கிலியை நிறுத்திவிடும். ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா, ஜெர்மனியின் ஸ்டில் போன்ற நிறுவனங்கள் 1970களின் தொடக்கத்திலேயே இந்த பிரேக்கைக் கொண்டுவந்துவிட்டன. ஆகவே இதைப் புதுமை என்று சொல்லி விற்பதே வேடிக்கைதான்.

மற்ற வசதிகளைப் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். உள்ளங்கையால் பின்புறப் பூட்டை அழுத்தினால் மட்டுமே ஆக்சிலேட்டர் விசை இயங்கும் ஏற்பாடு, அறுந்த சங்கிலி கைமேல் வந்து விழாமல் பிடித்துக்கொள்ளும் கொக்கி, அதிர்வைத் தணிக்கும் ரப்பர், எகிறல் குறைவாக இருக்கும்படி பல்லுக்கு முன்னால் மேடு வைத்த சங்கிலி என்று பட்டியல் நீள்கிறது. இவை இல்லாத இயந்திரத்தைத் தொடவே கூடாது என்றான் தம்பி. எங்கள் பகுதியில் இருபது ஆண்டுகளாக மரம் வெட்டும் தொழிலாளியோ சிரித்தார். "இதெல்லாம் புதுசா புடிக்கிறவங்களுக்கு சார், எனக்குக் கால் நிக்கிற இடம்தான் பிரேக்கு" என்றார். அன்று அது எனக்கு அசட்டுத் துணிச்சலாகப் பட்டது. பிரேக் மட்டும் கட்டாயம், மற்றவை இருந்தால் நல்லது என்ற முடிவோடு நான் ரயில் ஏறினேன்.

கடையில் நான் முதலில் கேட்டதே அந்த பிரேக்கைத்தான். உரிமையாளர் பரபரப்பே இல்லாமல் ஆரஞ்சு நிற இயந்திரம் ஒன்றை மேசைமேல் எடுத்து வைத்தார். பெட்டியில் இரட்டை பிரேக், எகிறல் குறைந்த சங்கிலி, அதிர்வுத் தடுப்பு என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. "நான் சொல்றத நம்பாதீங்க சார், உங்க கையாலயே தள்ளிப் பாருங்க" என்றார். தள்ளினேன். தகடு முன்னே போய் 'டக்' என்று உட்கார்ந்தது. பின்னால் இழுத்தேன், மறுபடியும் 'டக்'. அந்தச் சத்தம் அவ்வளவு திருத்தமாக இருந்தது. தன் மகன் பொன்னேரித் தோப்பில் இதே மாடலைத்தான் இரண்டு வருடமாக ஓட்டுவதாகவும் அவர் சொன்னார். இருபத்தெட்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு உராய்வு விசையைப் பாடம் நடத்திய நான், எது எதன்மேல் உராய்ந்து சங்கிலியை நிறுத்துகிறது என்று கேட்கவில்லை. சத்தத்தைக் கேட்டே திருப்தியடைந்துவிட்டேன்.

பில் கேட்டபோது, ஜிஎஸ்டி பில் போட்டால் 18 சதவீதம் கூடும், ஐயாவுக்காக எஸ்டிமேட்டில் போட்டுத் தருகிறேன் என்றார். ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல் மிச்சமாகிறதே என்று தலையாட்டியது என் தவறு, மறைக்கவில்லை. யுபிஐ மூலம் 9,400 ரூபாய் செலுத்தியபோது திரையில் வந்தது கடையின் பெயர் அல்ல, யாரோ ஒரு பெண்ணின் பெயர். அதையும் பார்த்தேன், பார்த்தும் கேட்கவில்லை. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரும் ரயிலில் அந்தப் பெட்டியைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மேலே சொன்ன அதே தொழிலாளியை வரவழைத்து வேம்பை அறுக்கச் சொன்னேன். முதல் இரண்டு கிளைகள் நன்றாகவே விழுந்தன. மூன்றாவதை அறுக்கும்போது பாரின் மூக்கு, பின்னால் இலைக்குள் மறைந்திருந்த ஒரு கொம்பில் பட்டது. இயந்திரம் ஒரு வீச்சில் மேலே எகிறியது. அவருடைய மணிக்கட்டு தகட்டில் மோதியதையும், தகடு முன்னே சாய்ந்ததையும் ஆறடி தள்ளி நின்ற நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் சங்கிலி நிற்கவில்லை. அவர் எப்போதும் பாரின் நேர்கோட்டை விட்டு இடப்பக்கம் ஒதுங்கி நிற்பவர் என்பதால் பார் அவர் காதோரமாகக் காற்றை வெட்டிப் போனது. தோளில் கிடந்த துண்டின் நுனியைப் பிடித்து இழுத்து நார்நாராக்கியது. அவர் விசையை விட்டுவிட்டு இயந்திரத்தைக் கீழே வைத்தார். ஒன்றும் பேசவில்லை. துண்டை உதறிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். கழுத்துக்குக் கீழே நகக் கீறல் போல ஒரு சிவந்த கோடு இருந்தது.

அன்று மாலையே, பகுதியில் ஜெனரேட்டர், கொசுப்புகை இயந்திரம் போன்றவற்றைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கிடம் அதைக் கொண்டுபோனேன். இரண்டு நட்டுகளைக் கழற்றிப் பக்கவாட்டு மூடியைத் திருப்பிக் காட்டினார். தகட்டோடு இணைந்த நெம்புகோல் இருந்தது. ஸ்பிரிங் இருந்தது. நான் கடையில் கேட்டு மகிழ்ந்த அந்த 'டக்' அந்த ஸ்பிரிங்கின் சத்தம்தான். டிரம்மைச் சுற்றிப் பிடிக்க வேண்டிய இரும்புப் பட்டை மட்டும் இல்லை. அது கழன்று விழவும் இல்லை. பட்டையை மாட்ட வேண்டிய முளையில் பெயிண்ட்கூட உரியாமல் பளபளவென்று இருந்தது. "சத்தம் வர்ற அளவுக்குத்தான் செஞ்சிருக்காங்க சார்" என்றார் மெக்கானிக். பிறகு தன்னிடமிருந்த வேறொரு புதிய சங்கிலியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்; அதில் ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கும் முன்னால் சிறு மேடு இருந்தது, என்னுடையதில் ஒன்றில்கூட இல்லை. பெட்டியில் சொன்ன எகிறல் குறைந்த சங்கிலியும் பொய். பிரேக்கே கிடையாது என்று நேராகச் சொல்லி விற்றிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன், அல்லது அதற்கேற்ற பயத்தோடு கையாண்டிருப்பேன். இருக்கிறது என்று நம்பவைத்து அந்தத் தொழிலாளியை அதன் பின்னால் நிறுத்தியதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதற்குப் பிறகு கடையில் நடந்த அலைக்கழிப்பு தனிக் கதை. முதலில் தொலைபேசியில் உரிமையாளர், சங்கிலிக்கு ஆயில் ஊற்றினீர்களா என்று கேட்டார். பிரேக் பட்டை இல்லாததற்கும் ஆயிலுக்கும் என்ன தொடர்பு என்றேன். கடைப் பையனிடம் பேசுங்கள் என்று வைத்துவிட்டார். பையன் வாட்ஸ்அப்பில் வீடியோ கேட்டான். மூடியைத் திறந்து, வெற்று முளையை விரலால் சுட்டிக்காட்டி எடுத்து அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக்குறி வந்தது, பதில் வரவில்லை. நேற்று நேரில் போனேன். உரிமையாளர் டீ குடித்து முடிக்கும்வரை நிற்கவைத்து, என் எஸ்டிமேட் சீட்டைப் புரட்டிப் பார்த்து, இதில் எங்கள் கடைப் பெயரே இல்லையே என்றார். எழுதிக் கொடுத்தவரே அவர்தான்! கம்பெனிப் பொருள் என்றால் விலை எங்கேயோ இருக்கும், 9,400 ரூபாய்க்கு இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்றும் கேட்டார். உயிரோடு வேலை முடிவதை எதிர்பார்த்தேன் என்று சொன்னேன். கடைசியில், பயன்படுத்திய பொருள் என்பதால் 2,000 ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மறுத்துவிட்டு வந்தேன். இன்று காலை அதே பையனிடமிருந்து செய்தி: "சார், பிரேக் உள்ள மாடல் வந்திருக்கு, 11,800, பழசைக் கொடுத்தா 2,000 கழிச்சிக்கலாம்." பிரேக் உள்ள மாடல்! அப்படியானால் எனக்கு 9,400 ரூபாய்க்கு விற்றது எந்த மாடல்? அந்தச் செய்தியைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத ஆத்திரம்தான் கூடுகிறது. ஆகவே அவசியமானதை மட்டும் சொல்கிறேன்.

இயந்திரம் ஓடாதபோது தகட்டைத் தள்ளிப் பார்ப்பது சோதனையே அல்ல. கடையிலேயே பெட்ரோல் ஊற்றி, தரையில் உறுதியாக வைத்து ஓடவிட்டு, பழகிய ஒருவரை ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தச் சொல்லுங்கள்; கைப்பிடியை விடாமல் மணிக்கட்டால் தகட்டைத் தள்ளியதும் சங்கிலி அந்த நொடியே நிற்க வேண்டும். கடைக்காரர் ஓட்டிக்காட்ட மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். முடிந்தால் பக்கவாட்டு மூடியைத் திறந்து இரும்புப் பட்டையைக் கண்ணால் பாருங்கள்.

பெட்டியைப் பாருங்கள், இறக்குமதிப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும் என்பது சட்டம். என் பெட்டியில் இல்லை. எஸ்டிமேட் சீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். யுபிஐ திரையில் வேறு பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. நான் யுபிஐ ரசீதையும், அந்தப் பையனின் செய்தியையும், கிழிந்த துண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். துண்டுக்காரருக்குப் புதுத் துண்டு வாங்கிக் கொடுத்தேன்; மீதி வேம்பை அவர் கோடாலியாலேயே முடித்துவிட்டார்.

மூடியைக் கழற்றிய நிலையில் தெளிவான படங்கள் எடுக்க வேண்டும், மெக்கானிக் ஏழு மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார். கிளம்புகிறேன்.