'மிளாக்கயம்' தேடும் ஜீப் பயணம்: கொடுத்த காசுக்குத் தகுமா?

நாகர்கோவிலிலிருந்து புறப்படும் இந்த ஜீப் பயணம், ஒரு பழைய வேட்டைக் கதையில் மட்டுமே வரும் மிளாக்கயம் என்ற இடத்தின் அசலைக் காட்டுவதாகச் சொல்லி விளம்பரம் செய்யப்படுகிறது. திருவிதாங்கூரை ஆண்ட மூலம் திருநாள் மகாராஜா (1885–1924) காலத்தில் நடக்கும் அக்கதையில், பரணில் காத்திருப்பவர்களுக்கு எதிரே ஓடை கயமாக, அதாவது ஆழமான குட்டையாக, தேங்கி நிற்கும். மிளா என்னும் கடமான் நீர் குடிக்க இறங்கும். அண்ணாந்து பார்த்தால் பாறை விளிம்பில் வரையாடு தெரியும். பின்புறம் ரப்பர் மரங்கள் வரிசைகட்டி நிற்கும். ஜீப் ஒன்றுக்கு 4,000 ரூபாய் வாங்குகிறார்கள்; மதியச் சாப்பாடு அதில் அடக்கம்.

தடிக்காரன்கோணம், கீரிப்பாறை வழியாகக் காளிகேசம் சென்றதும், ஓட்டுநர் ஓடையில் ஒரு கயத்தைச் சுட்டி அதுதான் இடம் என்று முடித்துவிட்டார். வழிநெடுகிலும் ரப்பர் இருப்பதே அவருடைய சான்று. ஆனால் அங்குள்ள அரசுத் தோட்டங்கள் 1960களில் தொடங்கி, 1984இல் அரசு ரப்பர் கழகத்தின் கீழ் வந்தவை. மகாராஜா காலத்து வேட்டைக்கு அவற்றைச் சாட்சியாக்க முடியாது.

பயணத்தின் மதிப்பு பேச்சிப்பாறையில் எங்களுடன் சேர்ந்துகொண்ட காணிப் பழங்குடிப் பெரியவரால்தான் கூடியது. கதையைச் சொல்லிக் கேட்டவுடன், "வரையாடு இவ்வளவு கீழ எறங்காது சார், அது மேல புல்லுமேட்டுலதான் நிக்கும், அங்க ரப்பர் வளராது" என்று ஒரே மூச்சில் சிக்கலை அவிழ்த்துவிட்டார். மலைமேல் இருக்கும் முத்துக்குழிவயல் பக்கத்துப் புல்வெளியையும் அடிவாரத்து ரப்பரையும் கதாசிரியர் ஒரே சட்டகத்துக்குள் ஒட்டவைத்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கயம் மட்டும் அசலாக இருந்திருக்கலாம். ஆனால் கோதையாற்றின் குறுக்கே 1897இல் தொடங்கிய பேச்சிப்பாறை அணை அதே மகாராஜாவின் ஆட்சியில் 1906இல் முடிந்து, பள்ளத்தாக்கை நீருக்குள் கொண்டுபோய்விட்டதால், 48 அடி கொள்ளும் அந்த நீர்த்தேக்கத்தின் அடியில் அது கிடக்கவும் கூடும். அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையையும் பெரியவரே அழைத்துச்சென்று காட்டினார். விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

குறை சொல்ல வேண்டியது விளம்பரப் படங்களைத்தான். அவற்றில் முத்துக்குழிவயல் புல்வெளி பெரிதாகத் தெரிகிறது. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே செல்ல முடியாது என்பதையோ, இந்தப் பயணம் அதுவரை போகாது என்பதையோ முன்கூட்டிச் சொல்வதில்லை. 'வேட்டை அனுபவம்' என்ற சொல்லையும் நீக்கிவிடலாம். 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது விற்பனைக்குரிய சரக்கே அன்று.

மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் நன்றாக இருந்தன. மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் அட்டைக்கடிக்கு ஆயத்தமாகச் செல்வது நல்லது. முன்பதிவு செய்யும்போதே அந்தப் பெரியவர் காலையிலிருந்து உடன் வருவாரா என்று கேளுங்கள். வருவாரென்றால் காளிகேசத்தை விட்டுவிட்டு நேராகப் பேச்சிப்பாறைக்கு வண்டியை விடச் சொல்லலாம்.